நாலு கேள்விக்காரர்

கிராபிக்ஸ் கார்டைத் தொடுவதற்கு முன்னால் கடைக்காரர் இரும்பு பீரோவின் கைப்பிடியைத் தொட்டுக்கொள்கிறார். உடம்பில் தேங்கி நிற்கும் மின்சாரம் அதில் இறங்கிவிட வேண்டுமாம். பிறகுதான் பெட்டியைத் திறந்து, வெள்ளி நிறப் பையிலிருந்து அதை வெளியே எடுக்கிறார். முழங்கை நீளம், செங்கல் கனம், வரிசையாக மூன்று விசிறிகள். இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, வாங்க வந்திருக்கும் பல் மருத்துவரிடம் கொடுக்காமல் கேட்கிறார்.

"வீட்டுல ஸ்க்ரீன் என்ன சைஸ் சார்?"

மருத்துவர் சொல்கிறார். எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து விளையாடுவீர்கள் என்பது இரண்டாவது கேள்வி. என்ன கேம் என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் எல்லோரிடமும் பதில் இருக்கிறது. நாலாவதில்தான் ஆள் தடுமாறிப்போகிறார்.

"சரி சார், அதுல உங்களுக்கு என்ன தெரியணும்?"

மருத்துவர் கொஞ்சம் யோசித்து, எதிரி தெரிய வேண்டும் என்கிறார். "எதிரி உங்க பழைய ஸ்க்ரீன்லயே தெரிவான் சார். அவனுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கார்டு?" என்று சொல்லிவிட்டு, கார்டை மறுபடியும் பைக்குள் போட்டு, பையைப் பெட்டிக்குள் வைத்து, பாதி விலையில் இன்னொன்றை எடுக்கிறார். பில் போடும் மேசையில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி தலை நிமிராமலே, "வர்றவங்களைத் திருப்பி அனுப்பறதுக்கு வாடகை கொடுத்து ஒரு கடை" என்கிறார். இது தினமும் சொல்லித் தேய்ந்த வசனம். அவர் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்வதில்லை.

கணினிச் சாமான்கள் விற்கும் அந்தத் தெருவில் அவருக்கு நாலு கேள்வி என்றுதான் பெயர். பக்கத்துக் கடைக்காரர்கள் நேரம் போகாதபோது உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன நாலு கேள்வி, இன்னிக்கு எத்தனை பேர் ஃபெயில்?" என்பார்கள். ஐம்பதைத் தாண்டிய ஆள். தையல்காரர் போலக் கழுத்தில் எப்போதும் ஓர் அளவு நாடா தொங்கும். புதிய கார்டுகள் வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போகின்றன. வீட்டில் இருக்கும் பெட்டிக்குள் அவை நுழையுமா என்று யாரும் யோசிப்பதில்லை. இவர் அளந்து பார்க்காமல் விற்பதில்லை. சட்டைப் பையில் ஒரு வட்டக் காந்தம் இருக்கிறது. கழற்றிய திருகாணிகள் சட்டைக்கு வெளியே அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பதக்கம் வாங்கியவர் போலத் தெரிவார்.

விளக்குகள் மின்னும் விசிறி கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் அவருக்குப் பொறுமை குறைவு. "உள்ளே சர்க்கஸா நடக்குது?" என்பார். மற்றபடி யாருக்கும் பாடம் எடுப்பதுபோல நிதானமாகச் சொல்வார். ஃபோர்-கே திரையில் ஏறக்குறைய எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகள். சாதாரணத் திரையைப்போல நாலு மடங்கு. விளையாட்டு நடக்கும்போது அத்தனை புள்ளிகளுக்கும் நொடிக்கு அறுபது தடவை நிறம் தீட்ட வேண்டும். தீட்டுவது இந்தக் கார்டு. திரை சிறியதாக இருந்தால் பெரிய கார்டு கை கட்டிக்கொண்டு நிற்கும். திரை பெரியதாகி கார்டு சிறியதானால் படம் விட்டு விட்டு வரும். "வாளியைப் பார்த்துட்டுக் குழாயைப் போடுங்க. எல்லாரும் குழாயை வாங்கிட்டு வந்து, அப்புறம் வாளியைத் தேடறாங்க."

இத்தனைக்கும் அவர் விளையாடுவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்த்தால் தலை சுற்றுமாம். ஒரு விளையாட்டை ஓடவிட்டுச் சோதிக்கும்போது, துப்பாக்கியோடு ஓடுகிறவனை அவர் கண்டுகொள்வதே இல்லை. ஓரத்தில் நிற்கும் மரத்தின் இலைகளைப் பார்ப்பார், ஈரத் தரையில் விழும் நிழலைப் பார்ப்பார், மின்கம்பிகள் பிசிறாமல் நேராக இருக்கின்றனவா என்று பார்ப்பார். தெருவில் நடக்கும்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை. மழை விட்ட ஒரு மாலையில் கடை வாசலில் நின்று எதிரே நின்ற மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இந்த ஒரு மரத்தை இப்படியே காட்டணும்னா எந்தக் கார்டாலயும் முடியாது மேடம்" என்று என்னிடம் சொன்னார். அந்த மரத்தைத் தானே வளர்த்தவர்போல அதில் ஒரு பெருமை.

விற்பதோடு அவர் வேலை முடிவதில்லை. புதிய மெஷினைத் தானே வண்டியில் வைத்துக் கட்டி, வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோவார். மேசைக்கு அடியில் தானே தவழ்ந்து ஒவ்வொரு கேபிளாகச் செருகுவார். பிறகு ஒரு மணி நேரம், பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துச் சூட்டைப் பார்த்தபடி நிற்பார். காய்ச்சல் பார்ப்பதுபோல இருக்கும். இருபது வருடங்களில் ஒரே ஒரு வீட்டில்தான் அவர் இதைச் செய்யவில்லை. அது எங்கள் வீடு.

என் அப்பா முப்பத்து நாலு வருடம் லாரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்த பிறகு, மூன்று மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், கணினியில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது, நிஜமாகவே மணிக்கணக்கில் நெடுஞ்சாலையில் போகலாம் என்றார். அப்பாவிடம் சொன்னேன். சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, "லோடு ஏத்தலாமா?" என்று கேட்டார்.

கடைக்கு நான் போனேன். அப்பா ஓய்வில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். கால் விஷயத்தை அந்நியரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. நாலு கேள்வியில் முதல் கேள்விக்கே நான் விழித்ததும், அவர் அப்பாவுக்கே போன் போடச் சொல்லி, சத்தமாகப் பேசும்படி வைத்துக் கேட்டார். எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்கள் என்றதற்கு, "ஸ்டீயரிங்குக்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தம்பி" என்று பதில் வந்தது. பில் மேசையில் இருந்த மனைவியே சிரித்துவிட்டார். நாலாவது கேள்விக்கு அப்பா தடுமாறவில்லை.

"போர்டு தெரியணும் தம்பி. அடுத்த ஊர் எத்தனை கிலோமீட்டர், எந்தப் பக்கம் திரும்பணும்னு தூரத்துல வரும்போதே படிச்சுடணும். கிட்டக்க வந்து படிக்கறவன் டிரைவர் இல்ல."

அவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, இருபது வருடத்தில் நாலாவது கேள்விக்கு இப்படி ஒரு பதில் சொன்ன ஆள் இவர்தான் என்றார். பெட்டி பெட்டியாக இறக்கிப் பார்த்தார். முப்பத்திரண்டு அங்குலத்தில் ஃபோர்-கே திரை, தூரத்துப் பலகையின் எழுத்தையும் பிசிறில்லாமல் தீட்டக்கூடிய கார்டு, காலுக்கு வேலை வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்ததால் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் கையிலேயே வரும் ஸ்டீயரிங். முழங்கால் வலிக்காரர் என்று நினைத்துக்கொண்டாராம். அவர் ஒரு நாள் முழுவதும் செலவழித்துத் தேர்ந்தெடுத்தது அது. அதற்குக் குறைவாக வாங்கினால் ஐயா கேட்ட போர்டு தெரியாது, அதற்கு மேல் வாங்கினால் வீண் என்று என்னிடம் விளக்கினார்.

மெஷினோடு வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில், நல்ல சேதி கொண்டு வருகிறவரின் அவசரம் இருந்தது. அறை வாசல் வரை வந்தார். அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். போர்வை விலகியிருந்தது. "வாங்க தம்பி" என்று அப்பா கையை நீட்டினார். அவர் உள்ளே வரவில்லை. பெட்டிகளை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, இன்னொரு கஸ்டமர் காத்துக்கொண்டிருக்கிறார், போயே ஆக வேண்டும், கேபிளை எல்லாம் மேடமே செருகிவிடலாம், ஒன்றும் கஷ்டமில்லை என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நான்தான் செருகினேன். படித்தவள் என்ற எண்ணத்தில் கூட வந்த தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. திரையின் கேபிளுக்கு ஏற்ற துளை பெட்டியின் பின்புறம் மேலேயே இருந்தது. பொருத்தினேன், படம் வந்தது. அம்மா கை தட்டினாள்.

அப்பா நாலு மாதம் ஓட்டினார். முதல் நாளிலிருந்தே படம் வெட்டி வெட்டி வந்தது. அப்பா அதைத் தன் பாஷையில் புரிந்துகொண்டார். லோடு ஜாஸ்தி, வண்டி இழுக்கவில்லை என்றார். கடைக்கு போன் செய்தார். கேபிள் சரியாக இருக்கிறதா என்று கேட்டார்களாம். அப்பா என்னைப் பார்த்தார். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அப்படியானால் ரெசல்யூஷனை, அதாவது தீட்டும் புள்ளிகளை, கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்று அங்கிருந்து யோசனை வந்தது. குறைத்தோம். வாரம் கழித்து மறுபடியும் போன், மறுபடியும் குறைத்தோம். மூன்றாவது தடவைக்குப் பிறகு வண்டி ஓடியது. ஆனால் சாலையோரப் பலகைகள் எல்லாம் சோப்பு நுரைக்குப் பின்னால் நிற்பதுபோல ஆகிவிட்டன. அம்மா பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டு க்ளீனர் வேலை பார்த்தாள். திரைக்கு அருகில் மூக்கைக் கொண்டுபோய்ப் பலகையைப் படித்துச் சொல்வாள். அவளுக்கும் தெரியாது. வாய்க்கு வந்த ஊர்ப் பெயரைச் சொல்லி, வலது பக்கம் திரும்பச் சொல்வாள். அப்பா திரும்புவார். வண்டி எங்கேயாவது வயல்வெளியில் போய் நிற்கும். "இவளை நம்பி ஏறினவன் ஊர் போய்ச் சேர்ந்தமாதிரிதான்" என்பார். கடைசி மூன்று வாரம் அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. அலுத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்பா போன பிறகு மூன்று மாதம் அந்த மெஷின் போர்வைக்கு அடியில் கிடந்தது. யாராவது விளையாடுகிறவருக்கு விற்றுத் தரச் சொல்லலாம் என்று, திரையை வீட்டிலேயே விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன்.

ஐயா எப்படி இருக்கிறார் என்று அவர் கேட்கவில்லை. நான் தனியாக வந்து நின்றதிலேயே தெரிந்துகொண்டிருப்பார். பீரோவைத் தொட்டுவிட்டு, பெட்டியை மேசையில் ஏற்றி, பின்புறத்தைத் தன் பக்கம் திருப்பினார். அப்படியே நின்றுவிட்டார். பிறகு அவர் செய்தது எனக்கு அப்போது விளங்கவில்லை. பெட்டியின் பின்பக்கக் கீழ்ப்பகுதியை உள்ளங்கையால் மூடினார். மனைவி பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தார்.

"இதைப் பாருங்க மேடம்."

கார்டின் முதுகில் நாலு துளைகள். நாலிலும் தூசி போகாமல் இருக்க, தொழிற்சாலையில் பொருத்தி அனுப்பும் கறுப்பு ரப்பர் மூடிகள் அப்படியே இருந்தன. நான் அவற்றைப் பார்த்திருக்கிறேன். தேவையில்லாதவை என்றுதான் மூடி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, மேலே திறந்திருந்த துளையில் செருகியிருந்தேன். அந்தத் துளை கார்டுக்கானது இல்லை. கணினியின் மூளையான பிராசஸருக்குள் கைச்செலவுக்கு இருப்பதுபோல ஒரு சின்ன கிராபிக்ஸ் இருக்குமாம். கடிதம் அடிக்க, கணக்குப் போட அது போதும். நாலு மாதமும் அப்பாவின் லாரியை அந்தச் சின்னதுதான் மூச்சு வாங்க இழுத்திருக்கிறது. அவர் நாள் முழுவதும் தேடி எடுத்த கார்டு உள்ளே சும்மா இருந்திருக்கிறது.

நான் செருகியதுதான், தப்பு என்னுடையது என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"நீங்க செருகினது தெரியாம பண்ணின தப்பு. என்னுது தெரிஞ்சு பண்ணினது." மனைவி பேனாவைக் கீழே வைத்தார். அவர் திருகாணிகள் ஒட்டியிருந்த காந்தத்தைச் சட்டையிலிருந்து எடுத்து, கையில் வைத்து உருட்டிக்கொண்டே பேசினார். "அந்த கேம் இந்தக் கார்டுக்குத் தூசி மேடம். திணறவே திணறாது. ஐயா போன் பண்ணின அன்னிக்கே எனக்குத் தெரியும், கேபிள் மாறியிருக்குன்னு. பத்து நிமிஷ வேலை. வந்து மாத்தியிருக்கணும். வரலை. குறைச்சு வைங்க, குறைச்சு வைங்கன்னு சொல்லிட்டே இருந்தேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அன்னிக்கு வேற கஸ்டமர் யாரும் இல்ல. உங்க தெருமுனையிலதான் வண்டியை நிறுத்திட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலைப் பார்த்ததும் உள்ள வர முடியலை. அவர் கையை நீட்டினாரு. நான் பிடிக்கலை."

போனிலாவது கேபிளை மாற்றச் சொல்லியிருக்கலாமே என்று அவர் மனைவி தாழ்ந்த குரலில் கேட்டார். சொன்னால், தப்பாகச் செருக விட்டுவிட்டுப் போனது தான்தான் என்று ஆகிவிடும் என்று பயந்ததாக அவர் பதில் சொன்னார். கடையில் வேறு யாரும் இல்லாதது நல்லதாயிற்று.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாவின் கால் விஷயத்தை மறைத்து அவரை அந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும். மெஷினை விற்க வேண்டாம், அம்மாவிடம் நாம் இரண்டு பேரும் சொல்லிவிடலாம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் பெட்டியோடு வந்தார். இந்தத் தடவை அறைக்குள் வந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், மேசைக்கு அடியில் தவழ்ந்து, கார்டின் மூடி ஒன்றைப் பிடுங்கி, கேபிளை அதில் செருகிவிட்டு எழுந்து நின்றார். அம்மா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததை அவர் சொன்னார். தன் பங்கை முழுதாகச் சொன்னார், என் பங்கை விட்டுவிட்டார். அதை நான் சேர்த்துச் சொன்னேன்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப படம்தான் அப்படி இருந்துச்சா?"

அவர் தலையசைத்தார்.

"அவரு கண்ணு போயிடுச்சுன்னு நினைச்சாரு தம்பி." குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஊரில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னாள். "கால் போன மாதிரி சர்க்கரையில கண்ணும் போகுது, போர்டு தெரிய மாட்டேங்குதுன்னு எங்கிட்ட மட்டும் சொன்னாரு. பொண்ணுகிட்ட சொல்லாத, மறுபடி ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு அலைவான்னாரு. எனக்கும் தெரியலைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான் தெரியற மாதிரி ஊர் ஊரா பேர் சொல்லிட்டிருந்தேன்."

அவர் பிடுங்கிய ரப்பர் மூடியை மேசைமேல் வைத்தார். நானும் இதை அப்போதுதான் கேட்கிறேன். அலுத்துவிட்டது என்று நான் நினைத்த அந்த மூன்று வாரமும், அப்பா சாப்பாட்டுத் தட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பார்த்துவிட்டுக் கீழே வைப்பார். நான் அதைக் கவனித்தும் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா முந்தானையால் திரையின் தூசியைத் துடைத்தாள். "போடுங்க தம்பி" என்றாள். "இருக்கவேண்டிய மாதிரி இருந்தா எப்படி இருக்கும்னு நான் பார்க்கறேன்."

திரை வெளிச்சமானது. குறைத்து வைத்த ரெசல்யூஷனை அவர் பழையபடி ஏற்றினார். அப்பா நிறுத்தி வைத்த இடத்திலேயே, சாலையோரம், சிவப்பு லாரி நின்றிருந்தது. அதன் கதவில் எழுத்து இருப்பது அந்த நாலு மாதமும் எங்களுக்குத் தெரிந்ததில்லை. சக்கரத்தின் சேறு தெரிந்தது. புல் தனித்தனியாக அசைந்தது. அம்மா ஒரு விரலை நீட்டி, திரையைத் தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

"ஓட்டுங்க" என்றாள்.

ஸ்டீயரிங்குக்கு முன்னால் அப்பாவின் சக்கர நாற்காலிதான் இருந்தது. வேறு நாற்காலி எடுத்துவர நான் கூடத்துக்குப் போனேன். திரும்பி வந்தபோது, அவர் சக்கர நாற்காலியைச் சத்தமில்லாமல் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார். நான் கொண்டுவந்ததைப் பார்த்து வேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டினார். வெறும் தரையில் இரண்டு முட்டிகளையும் போட்டு நிமிர்ந்து, ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்து, அம்மாவுக்கு மறைக்காதபடி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, வண்டியை மெதுவாகச் சாலைக்கு ஏற்றினார்.